நாதிருல் அஸ்ரின் தூரிகை: உயிரினப் படங்களும் அவற்றின் சாட்சியமும்

கி.பி. 1612ஆம் ஆண்டில், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஆட்சி ஏழாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தபோது, முகர்ரப் கான் என்னும் அலுவலர் கோவாவிலிருந்து அரசவைக்குத் திரும்பினார். பரங்கியரிடம் அரிய பொருள் எது கிடைப்பினும் விலை பாராமல் வாங்கி வர வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்டிருந்த ஆணை. அவர் கொண்டு வந்தவற்றுள் பேரரசர் அதுவரை கண்டிராத சில உயிரினங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று பறவை. பெண்மயிலைவிடப் பெரியது, ஆண்மயிலைவிடச் சிறியது என்று துஸுகே ஜஹாங்கீரி எனும் தம் நினைவுக் குறிப்பில் அவர் எழுதுகிறார். அதன் தலையும் கழுத்தும் ஒரு கணம் பவளம் போல் சிவக்கின்றன. மறுகணம் பஞ்சுபோல் வெளுக்கின்றன. பின்னர் நீலப் பச்சையாகின்றன. பச்சோந்தியைப் போல் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அப்பறவையின் தலையிலிருந்து ஒரு சதைத் துண்டு யானைத் துதிக்கை போலத் தொங்குகிறது. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் அமெரிக்கப் பறவைதான் அது.

ஜஹாங்கீர் எழுத்து வருணனையோடு நிற்கவில்லை. தம் பாட்டனாரின் தந்தை பாபர் விலங்குகளின் தோற்றத்தையும் இயல்பையும் தம் நூலில் விரிவாக எழுதியிருந்தும், ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரையச் செய்ததாகத் தெரியவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். தாம் இரண்டையும் செய்ததற்கு அவர் கூறும் காரணம், கேள்வியால் உண்டாகும் வியப்பு காட்சியால் பெருக வேண்டும் என்பதாகும். அந்த வான்கோழியை வரைந்தவர் உஸ்தாத் மன்ஸூர். அப்படம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொங்கும் சதையின் சுருக்கங்களையும் ஒவ்வோர் இறகின் ஓரக்கோட்டையும் அதில் எண்ணிப் பார்க்கலாம்.

முகலாய ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் அழகைப் பேசுவார்கள். தங்கப் பொடியையும் அணில்மயிர்த் தூரிகையையும் பேசுவார்கள். அவை உண்மைதாம். ஆயினும் மன்ஸூரின் படங்களை அழகுக்காக மட்டுமே பார்ப்பது, ஒரு ஹதீஸ் தொகுப்பை அதன் நடையழகுக்காக மட்டுமே படிப்பதற்கு ஒப்பாகும் என்பது நம் கருத்து. அவை செய்திகள். ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால், அதை அறிவிப்பவர் யார், அவர் தாமே கண்டாரா, பிறரிடம் கேட்டாரா, அவருடைய நேர்மை எத்தகையது, துல்லியம் எத்தகையது என்று கேட்பது நம் மதரஸாக்களில் மாணவர் முதலில் கற்கும் பாடம். அதாலத், ளப்து என்னும் அவ்விரு உரைகற்களையும் ஒரு பறவையின் படத்தின் மீது உரசிப் பார்க்க முடியும். காட்டுயிர்ப் புகைப்படம் பெருகியுள்ள இக்காலத்தில் அவ்வாறு உரசிப் பார்ப்பது முன்னைவிடவும் தேவையாகியுள்ளது.

உயிரினங்களைப் பற்றிய அரபு நூல் மரபு மன்ஸூருக்கு எண்ணூறு ஆண்டுகள் மூத்தது. பஸராவைச் சேர்ந்த அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) எழுதிய கிதாபுல் ஹயவான் ஏழு பாகங்கள் கொண்டது. அரிஸ்டாட்டிலை ஸாஹிபுல் மன்திக் என்று மரியாதையுடன் குறிப்பிடும் அவர், அவருடைய கூற்றுகளையும் கேள்விக்கு உட்படுத்தத் தயங்கவில்லை. ஸதாப் எனும் அருவதாச் செடியின் மணம் பாம்புகளுக்கு ஆகாது என்று பலரும் சொல்லி வந்தனர். ஜாஹிழ் அச்செடியை ஒரு விரியனின் தலை மீது மூடும்படி போட்டுப் பார்த்தார். சொல்லப்பட்டதற்குச் சான்று எதுவும் தமக்குத் தென்படவில்லை என்று எழுதி வைத்தார். ஆனால் இம்மரபு முழுவதும் அவ்வாறே இருந்ததென்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. கஸ்வீனியின் அஜாயிபுல் மக்லூகாத்தில் கண்ட விலங்குகளும் காணாத விலங்குகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன; யானைக்கு வண்ணம் தீட்டிய அதே கை அன்கா பறவைக்கும் வண்ணம் தீட்டியது. நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் இருக்கும் தமீரியின் ஹயாத்துல் ஹயவானும் (ஆசிரியர் மறைவு ஹிஜ்ரி 808) அத்தகையதே. ஓர் உயிரினத்தின் பெயர், அதன் இயல்பு, அதை உண்பது ஆகுமா ஆகாதா, அது வரும் பழமொழி, அதைக் கனவில் கண்டால் என்ன பொருள் என எல்லாம் அதில் அடுத்தடுத்து வரும். படிக்கச் சுவையான நூல். ஆனால் கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியும் பொறுப்பு அதில் பெரிதும் வாசகரிடமே விடப்பட்டிருக்கிறது.

ஐரோப்பாவின் நிலையும் அன்று வேறன்று. 1515ஆம் ஆண்டு மே மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் இறங்கியது. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸஃப்பர் ஷா போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு வழங்கிய விலங்கு அது. அவர் அதைத் தம் அரசருக்கு அனுப்பி வைத்தார். ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரிலிருந்த புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதை ஒருபோதும் பார்க்கவில்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் யாரோ வரைந்த ஒரு கோட்டோவியத்தையும் கொண்டு அவர் மரச்செதுக்கு அச்சுப் படம் ஒன்றை உருவாக்கினார். விலங்கின் தோல்மடிப்புகள் அதில் போர்க்கவசத் தகடுகளாயின. பிடரியில் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்தது. ஓவியம் என்ற வகையில் அது பேராற்றல் மிக்க படைப்புதான். அந்த ஆற்றலே தீங்கும் செய்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய விலங்கியல் நூல்கள் அந்த இரண்டாம் கொம்பைப் படியெடுத்துக்கொண்டே இருந்தன. இடையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்ட செய்தி எத்துணை அழகாகச் சொல்லப்பட்டாலும் விடுபட்டது விடுபட்டதுதான். அந்தக் காண்டாமிருகமோ 1516ஆம் ஆண்டில் போப்பாண்டவருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்படும் வழியில் இத்தாலியக் கரையருகே கப்பல் கவிழ, கட்டப்பட்டிருந்த சங்கிலியோடு மூழ்கி இறந்தது.

அதற்கடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பாபர் அதே விலங்கைப் பற்றித் தம் நூலில் எழுதினார். மூக்கின் மேல் ஒரே கொம்பு என்கிறார். அதன் உடலமைப்பைக் குதிரையோடு ஒப்பிடுகிறார். யானையையே கொம்பால் தூக்கிவிடும் என்று தம் நாட்டார் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். நேரில் கண்டவர் எழுதும் எழுத்து அப்படித்தான் இருக்கும். 1589இல் அப்துர் ரஹீம் கான்கானான் அந்நூலைத் துருக்கியிலிருந்து பார்ஸி மொழிக்குப் பெயர்த்து அக்பரிடம் வழங்கினார். பின்னர் அதற்குப் படங்கள் வரையப்பட்டன. ஜஹாங்கீர் இல்லையென்று எழுதிய குறை உண்மையில் அவருடைய தந்தையின் காலத்திலேயே ஓரளவு நிரப்பப்பட்டிருந்தது. அந்தப் படங்களை வரைந்த ஓவியர்களுள் இளைஞர் மன்ஸூரும் ஒருவர்.

மன்ஸூரின் பிறந்த ஊரோ ஆண்டோ எங்கும் பதிவாகவில்லை. அக்பரின் ஓவியக்கூடத்தில் பலருள் ஒருவராக இருந்தவர், ஜஹாங்கீரின் ஆட்சியில் நாதிருல் அஸ்ர், அதாவது காலத்தின் அரியவர் என்ற பட்டத்தைப் பெற்றார். அரசர் எங்குச் சென்றாலும் உடன் சென்றார். காட்டப்பட்டதை வரைந்தார். பின்னணியில் பெரும்பாலும் வெறும் தாள் நிறம். சில வேளை காலடியில் சிறிது புல். இக்காலப் பறவையியல் கையேடுகளில் காணும் அதே முறை. ஆர்வலர் அவற்றைக் கொண்டு இன்றும் இனம் பிரிக்க முடிகிறது என்பதே அவருடைய துல்லியத்துக்குச் சான்று.

அவருடைய வரிக்குதிரைப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1621ஆம் ஆண்டில் அபிசீனியாவிலிருந்து துருக்கியர் சிலருடன் வந்த மீர் ஜஃபர் என்பவர் அவ்விலங்கை அரசவைக்குக் கொண்டு வந்தார். மூக்கு நுனி முதல் வால் நுனி வரை கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். கண்ட சிலர், இது சாயம் பூசிய கழுதை என்று ஐயுற்றனர். சந்தைகளில் அத்தகைய மோசடி நடப்பதுண்டல்லவா? விலங்கைச் சோதித்துப் பார்த்தார்கள். படைத்தவன் இட்ட வண்ணமே அது என்று உறுதியான பிறகே வியப்பு தொடங்கியது. படத்தின் மீது ஜஹாங்கீர் தம் கையாலேயே, விலங்கு எங்கிருந்து யார் மூலம் வந்தது, வரைந்தவர் யார், ஹிஜ்ரி 1030, ஆட்சியாண்டு 16 என்று எழுதி வைத்தார். விலங்கு ஈரான் அரசர் ஷா அப்பாஸுக்குப் பரிசாகப் போயிற்று. படம் இங்கே நின்றது. ஐயம், சோதனை, பதிவு, வழி, நாள், பெயர் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் அமைந்திருப்பதைப் பாருங்கள். ஸனதோடு கூடிய படம் என்று நாம் இதனைச் சொல்லலாம்.

ஆனால் நம் காலத்தில் மன்ஸூரின் பெயரை உலக விலங்கியலார் நாவில் நிறுத்தியது வேறொரு படம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஒரு தொகுப்பில் ஒரு தாள் இருக்கிறது. சுற்றிலும் வாத்து, கிளி, காட்டுக்கோழி இனங்கள்; நடுவே பழுப்பு நிறத்தில் பெரிய அலகுடன் பறக்கவியலாத ஒரு பறவை. அது டோடோ. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த பறவை. 1662ஆம் ஆண்டுக்குப் பின் அதை எவரும் கண்டதாக அறிஞரிடையே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட சான்றில்லை. 1625ஐ ஒட்டிய காலத்தது எனக் கருதப்படும் இப்படத்தில் கையெழுத்து இல்லை. தூரிகை நடையைக் கொண்டே அறிஞர்கள் அதனை மன்ஸூருடையது என்கின்றனர். எனவே அவருடையதாகக் கருதப்படுவது என்று சொல்வதே முறை. பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயப் பயணி சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாகக் குறிப்பிட்டிருப்பதால், உயிருள்ள பறவை இந்தியாவுக்கு வந்தது உறுதி.

இப்படத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது? டோடோ என்றதும் நம் மனத்தில் தோன்றும் கொழுத்த, விகாரமான உருவம் ஐரோப்பிய ஓவியங்கள் தந்தது. அவற்றுள் பல, ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக வரையப்பட்டவை. ரூலாண்ட் சாவரி என்ற ஓவியரின் உருவத்தைப் பின்னவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டனர். உயிருள்ள பறவையைப் பார்த்து வரையப்பட்டவை என்று நம்பத்தக்க வண்ணப் படங்கள் மிகச் சில. அவற்றுள் தலையாய ஒன்றாக இந்த முகலாயப் படம் கருதப்படுகிறது. அக்காலத்தில் டோடோ அழியப் போகிறது என்று அந்த ஓவியர் அறிந்திருக்க மாட்டார். அவர் கண்டதைக் கண்டபடி வரைந்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, ஓர் இனத்துக்கே சாட்சியாக அத்தாள் நிற்கிறது.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் துஸுக்கே சொல்கிறது. 1620இல் ஜஹாங்கீர் கஷ்மீர் சென்றார். மன்ஸூரும் உடன் சென்று அங்கே நூறுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. செந்நிற டியூலிப் மலர்களின் படம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆஸாத் நூலகத்தில் உள்ளது. அதே பயணத்தில் ஓர் அருவியோடையில் கருநிறச் சிறு பறவை ஒன்று நீருக்குள் மூழ்கி, நெடுநேரம் கழித்து வேறோர் இடத்தில் எழுவதைப் பேரரசர் கண்டார். அது நீர்ப்பறவையா, நிலப்பறவையா? கால்விரல்களிடையே வாத்துக்குரிய சவ்வு உண்டா, இல்லையா? அறிய வேண்டுமென்று பிடித்து வரச் சொன்னார். இரண்டு பிடிபட்டன. சவ்வு இல்லை. டிப்பர் என்று இன்று அழைக்கப்படும் இனம் அது. கேள்வி மிகச் சரியான கேள்வி, விடையும் சரி. ஆனால் பிடித்தவற்றுள் ஒன்று உடனே இறந்தது. மற்றது ஒரு நாள் உயிரோடிருந்தது. மன்ஸூர் அதை வரைந்தார்.

இதை எழுதியவர் எதையும் மறைக்கவில்லை என்பதே நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. சாரஸ் கொக்கு இணை ஒன்றுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயர் சூட்டி, இரவெல்லாம் பெண் அடைகாக்க ஆண் அருகில் காவல் நின்றதையும், விடிந்தபின் ஆண் தன் முறைக்கு அமர்ந்ததையும் பல நாள் பார்த்து எழுதியவர் இதே ஜஹாங்கீர். தம் பன்னிரண்டாம் வயது முதல் ஆட்சியின் பதினோராம் ஆண்டு வரை வேட்டையில் வீழ்ந்த உயிர்களைக் கணக்கெடுக்கச் செய்து, 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்த்தியவை 17,167 என்றும் எழுதியவரும் அவரே. பின்னர், தம் பேரன் ஷுஜா நோயுற்றபோது, துப்பாக்கியால் உயிர் கொல்வதை விடுவதாக நேர்ந்துகொண்டு சில ஆண்டுகள் அதைக் காத்தார். பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி 1920களின் பிற்பகுதியில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் முகலாயப் பேரரசர்களை இயற்கையியலாளர்களாகவும் வேட்டையாளர்களாகவும் சேர்த்தே எழுதினார். பிரித்து எழுத முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கே நம் வாசகர் உள்ளத்தில் எழும் கேள்வியைத் தவிர்த்துச் செல்வது முறையன்று. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவோரைக் கண்டித்து வந்துள்ள ஹதீஸ்கள் வலுவானவை. ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அதன்படி மன்ஸூரின் டியூலிப் பற்றிக் கேள்வியில்லை. வரிக்குதிரை பற்றி உண்டு. உயிரினத்தை வரையும் ஓவியன் அதற்கு உயிர் கொடுக்க இயலாமையை உணர்ந்து இறைவனை நினைக்கிறான் என்று அக்பர் கூறியதாக அபுல் ஃபஸ்ல் எழுதியிருக்கிறார். அது அரசவை வாதம். அதை ஃபிக்ஹு வாதமாகக் கொள்வதற்கில்லை. புகைப்படம் வந்தபின் விவாதம் புதிய வடிவெடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது இறைவன் படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் புதிதாக உருவம் சமைப்பதன்று என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார். ஏற்றவர் பலர், ஏற்காத அறிஞர்களும் உளர். இக்கட்டுரை அதைத் தீர்த்து வைக்கும் இடமன்று. அவருடைய வாதம் நமக்குத் தேவைப்படுவது வேறொரு காரணத்துக்காக. புகைப்படம் நிழலைப் பிடிப்பது என்றால், நிழலுக்குரிய பொருள் அங்கே அவ்வாறே இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையாகிவிடுகிறது.

போகிற போக்கில் ஒன்று. கேமரா என்ற சொல் கமரா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று நம் இதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. அது இலத்தீன் சொல். அறை என்பது பொருள். இப்னுல் ஹைதம் கிரகணத்தின் உருவம் பற்றிய தம் நூலில், சிறு துளை வழியே இருளிடத்தில் விழும் ஒளியை ஆராய்ந்து எழுதியது உண்மை. அவ்வுண்மையே போதிய பெருமை. சேராத சொல்லாராய்ச்சியை அதனுடன் சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

காட்டுயிர்ப் புகைப்படத்தின் தொடக்கமும் நம் நாட்டோடு தொடர்புடையது. 1920களில் வட இந்தியக் காடுகளில் வன அலுவலராக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், துப்பாக்கியை விடுத்துக் கேமராவை எடுத்தார். விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அது கால் பட்டால் ஒளி பாய்ந்து படம் பதியுமாறு அமைத்தார். இரவில் தன்னிச்சையாக நடந்த புலி தானே தன்னைப் பதிவு செய்தது. அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. இரு புலிகளின் வரிகள் ஒன்றுபோல் இரா, எனவே படத்தைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்பதையும் அவர் கண்டார். தமிழ் வாசகர் நன்கறிந்த மா. கிருஷ்ணன் (1912-1996) பின்னாளில் கறுப்பு வெள்ளைப் படங்களால் தென்னகக் காடுகளைப் பதிவு செய்தார்.

சாம்பியன் கண்ட அவ்வுண்மையை நாடு பயன்படுத்திக்கொள்ள நீண்ட காலமாயிற்று. காலடித் தடத்தைப் பார்த்தே புலிகளை எண்ணி வந்தோம். ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் காட்டில் ஒன்றுகூட இல்லை என்று தெரியவந்தது. கள்ள வேட்டையில் எல்லாம் அழிந்திருந்தன. அதன்பின்தான் கணக்கெடுப்பு முறை மாறியது. 2018ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. பதிவான சுமார் 3 கோடியே 48 இலட்சம் படங்களில் 76,651 படங்கள் புலிகளுடையவை. வரிகளை ஒப்பிட்டு ஒரே புலியை இருமுறை எண்ணாமல் பிரித்து, அவற்றிலிருந்து நாட்டின் புலிகள் 2,967 என்று மதிப்பிட்டார்கள். இப்படங்களுள் எதுவும் பரிசுக்குரிய கலைப்படைப்பன்று. ஆயினும் நம்பகமான அறிவிப்புகள்.

பரிசுக்குரிய படங்களின் நிலை வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற ஆண்டுப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது, இரவில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 தொடக்கத்தில் பரிசைத் திரும்பப் பெற்றனர், படமெடுத்தவர் மறுத்தார். 2017ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படமும், அது பாடம் செய்யப்பட்ட உருவம் என்ற முடிவின் பேரில் 2018இல் நீக்கப்பட்டது. அங்கும் மறுப்பு வந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் டியூரர் காணாததை வரைந்தபோது, தாம் கண்டதாக அவர் சொல்லவில்லை. கேமராவோ எப்போதும் கண்டதாகவே சொல்கிறது. எங்கும் இராத ஓநாயையும் கணினியே உருவாக்கித் தரும் இந்நாளில், வரிக்குதிரையின் வண்ணத்தைச் சோதித்துப் பார்த்த அந்த அரசவை நமக்கு முன்னோடியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பொய்யான படம் பார்ப்பவரை ஏமாற்றுகிறது. உண்மையான படமோ சில நேரங்களில் பறவையையே அழிக்கிறது. கூட்டுப் படமெடுக்க வேண்டி மறைப்பாக உள்ள இலைகளை வெட்டி விலக்கினால், குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகின்றன. ஒலிப்பதிவிட்ட குரலை ஒலிக்கவிட்டு அழைத்தால், எதிரி வந்துவிட்டதென்று எண்ணிப் பறவை இரைதேடலை விட்டு அலைகிறது. அஞ்சிய தாய் கூட்டையே கைவிடுவதும் உண்டு. படம் மட்டும் அழகாக இருக்கும். நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் சற்று விலகிச் சென்றிருந்த வேளை, தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. திரும்பி வந்த நபியவர்கள், அதன் குஞ்சுகளைக் கொண்டு அதைத் துயருறச் செய்தவர் யார் என வினவி, அவற்றைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. உருவம் ஆகுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, இதில் இல்லை. நம் இளைஞர் பலர் விலையுயர்ந்த கேமராக்களுடன் விடுமுறை நாள்களில் ஏரிக்கரைகளுக்குச் செல்கின்றனர், நல்ல பழக்கம்தான். கேமராவின் ஆகுமை பற்றி நம்மிடம் கேட்பவர்கள் கூட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் மன்ஸூரின் இன்னொரு படம் இருக்கிறது: சைபீரியக் கொக்கு. வெண்ணிற உடல், செந்நிற முகம், நீண்ட கால்கள். மேலை அறிவியல் அப்பறவைக்கு முறைப்படி பெயரிட்டது 1773இல். மன்ஸூர் வரைந்தது அதற்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டு முன்பு. சைபீரியாவில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியா வரும் ஒரு கூட்டம் அண்மைக் காலம் வரை இருந்தது. வழியெங்கும் வேட்டையும் நீர்நிலை அழிவும் அதைத் தேய்த்தன. ராஜஸ்தானின் பாரத்பூர் ஏரிகளில் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் அவற்றைப் படமெடுத்தனர். ஆண்டுதோறும் எண்ணிக்கை குறைந்தது. 2002ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே ஒன்றும் வரவில்லை. உலகில் எஞ்சியுள்ளவற்றுள் ஏறத்தாழ எல்லாம் இன்று சீனாவின் போயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மேற்குக் கூட்டத்தில் எஞ்சிய ஒரே ஒரு ஆண் பறவை, 2007 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஈரானின் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ஃபெரெய்தூன்கினார் சதுப்பு நிலத்துக்குத் தனியாக வந்து சென்றது. அவ்வூரார் அதற்கு உமீத் என்று பெயரிட்டனர். 2023இல் பெல்ஜியத்தில் வளர்ந்த பெண் கொக்கு ஒன்றைக் கொண்டு வந்து அதன் அருகே விட்டார்கள்.